விகிதாச்சாரப்படி என்றால் எதன்படி?

2025 பிப்ரவரி 26ஆம் தேதி கோவையில் பேசிய மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா, மக்களவைத் தொகுதிகள் மறுவரையறை செய்யப்பட்டாலும், அதாவது மக்கள்தொகைக்கேற்ப மாநிலங்களுக்கிடையே மீண்டும் பங்கிடப்பட்டாலும், விகிதாச்சார அடிப்படையில் தென் மாநிலங்கள் எதற்கும் ஒரு தொகுதிகூடக் குறையாது என்றார். அன்றிலிருந்து ‘விகிதாச்சாரம்’ என்ற சொல் தமிழ்ச் செய்திகளில் அடிக்கடி புழங்கத் தொடங்கியது. பேச்சை வரவேற்றவர்களும் எதிர்த்தவர்களும் அந்த ஒரே சொல்லைத்தான் எடுத்தாண்டார்கள். டெல்லித் தமிழர்களுக்குக் குழப்பம் இரண்டு மடங்கு. வாக்கு துவாரகாவிலோ மயூர் விஹாரிலோ இருக்கிறது. ஊரும் உறவும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. எந்தக் கணக்கில் யாருக்குக் கூடுகிறது, யாருக்குக் குறைகிறது?

இதற்கு விடை தேட அரசியல் அறிவுக்கு முன்னால் ஆறாம், ஏழாம் வகுப்புக் கணக்கு வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 81ஆவது பிரிவே அந்தக் கணக்கில்தான் நிற்கிறது: ஒரு மாநிலத்தின் தொகுதி எண்ணிக்கைக்கும் அதன் மக்கள்தொகைக்கும் உள்ள விகிதம், நடைமுறையில் இயன்றவரை எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது அது. விகிதம் என்று சொன்னால் எதற்கு எது என்று சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாத வாக்கியத்துக்கு எத்தனை பொருள் வேண்டுமானாலும் கொள்ளலாம். அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## விகிதம்: எத்தனை மடங்கு?

இரண்டு அளவுகளை ஒப்பிட இரண்டு வழிகள் உண்டு. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, எவ்வளவு கூடுதல் என்று பார்ப்பது முதல் வழி. ஒன்றை மற்றதால் வகுத்து, எத்தனை மடங்கு என்று பார்ப்பது இரண்டாவது வழி. இந்த இரண்டாவது வழிக்குப் பெயர்தான் விகிதம்.

இட்லி மாவுக்கு நான்கு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து என்பது பல வீடுகளின் கணக்கு. விகிதம் 4 : 1. விருந்தாளிகள் வருகிறார்கள், ஆறு டம்ளர் அரிசி ஊறவைக்க வேண்டும் என்றால் உளுந்து எவ்வளவு?

முதன்முதலாக இந்தக் கணக்கைப் பார்க்கும் பிள்ளைகளில் பலர் சொல்லும் விடை மூன்று டம்ளர். அரிசியில் இரண்டு கூடியது, உளுந்திலும் இரண்டைக் கூட்டினேன் என்பார்கள். இந்தத் தவறில் ஓர் ஒழுங்கு இருக்கிறது, அதனால்தான் அது எளிதில் போகாது. ஆனால் ஆறுக்கு மூன்று என்பது 2 : 1. அரிசியில் பாதி அளவு உளுந்து போட்ட மாவு அது. பாத்திரத்தைத் தாண்டிப் பொங்கும். இட்லி தட்டில் பிசுபிசுவென்று ஒட்டும். சரியான விடை ஒன்றரை டம்ளர். அரிசி ஒன்றரை மடங்கானது, உளுந்தும் ஒன்றரை மடங்காக வேண்டும். விகிதத்தைக் காப்பாற்றுவது பெருக்கல். கூட்டல் அதைக் கெடுத்துவிடும். இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதி வரை இந்த ஒன்றரை டம்ளரை நினைவில் வைத்திருப்பது நல்லது.

விகிதத்தைக் கையாளும்போது கவனிக்க வேண்டியவை:

1. வரிசை மாறக்கூடாது. அரிசிக்கும் உளுந்துக்கும் 4 : 1 என்பதை 1 : 4 என்று எழுதினால் அது வேறு மாவு.

2. அலகு ஒன்றாக இருக்க வேண்டும். அரைக் கிலோவுக்கும் 200 கிராமுக்கும் உள்ள விகிதம் 500 : 200, அதாவது 5 : 2. அலகை ஒன்றாக்கிய பிறகு அது கழன்றுவிடும். மிஞ்சுவது வெறும் எண்.

3. வெவ்வேறு வகை அளவுகளை வகுத்தால் கிடைப்பது வீதம். மணிக்கு இத்தனை கிலோமீட்டர், தொகுதிக்கு இத்தனை பேர் என்பவை வீதங்கள். இவற்றுக்கு அலகு உண்டு. செய்தித்தாள்கள் இரண்டையும் விகிதம் என்றே எழுதுகின்றன. படிப்பவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

4. இரு பக்கத்தையும் ஒரே எண்ணால் பெருக்கினாலும் வகுத்தாலும் விகிதம் மாறாது. 12 : 3, 8 : 2, 4 : 1 எல்லாம் ஒன்றே.

## விகித சமம்: ஒன்பது அளவு, ஒரே கொடி

இரண்டு விகிதங்கள் ஒன்றாக இருந்தால் அவை விகித சமத்தில் உள்ளன என்கிறோம். இதற்கு டெல்லியில் எங்கும் கண்ணில் படும் எடுத்துக்காட்டு தேசியக் கொடி. அதன் நீளத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 3 : 2 என்று கொடி விதித்தொகுப்பு வரையறுக்கிறது. ஒன்பது நிலையான அளவுகளையும் அது தருகிறது. பெரியது 6300 × 4200 மில்லிமீட்டர். சிறியது 150 × 100 மில்லிமீட்டர். பெரிய கொடியில் நீளம் உயரத்தைவிட 2100 மில்லிமீட்டர் கூடுதல். சிறியதில் வெறும் 50. கழித்துப் பார்ப்பவருக்கு இரண்டும் சம்பந்தமே இல்லாதவை. வகுத்துப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வடிவம். மேசை மேல் வைக்கும் சிறிய கொடியை எடுத்து, நீளத்திலும் உயரத்திலும் நூறு நூறு மில்லிமீட்டர் கூட்டினால் 250 × 200 ஆகும். அது 5 : 4. சதுரத்தை நெருங்கிவிட்ட அந்தத் துணியைத் தேசியக் கொடி என்று விதி ஏற்காது.

இரண்டு விகிதங்கள் சமமா என்று சோதிக்கக் குறுக்குப் பெருக்கல் கற்றுத்தருகிறார்கள். 3 : 2, 900 : 600 என்ற இரண்டையும் எடுத்துக்கொள்வோம். ஓரங்களைப் பெருக்கினால் 3 × 600 = 1800. நடுவில் உள்ளவற்றைப் பெருக்கினால் 2 × 900 = 1800. சமம். இது ஏன் வேலை செய்கிறது என்பதைப் பல வகுப்பறைகள் சொல்லாமல் கடந்துவிடுகின்றன. 3/2, 900/600 ஆகிய இரு பின்னங்களையும் 2 × 600 என்ற ஒரே கீழ் எண்ணின் (பகுதியின்) மேல் எழுதினால், மேலே நிற்கும் எண்கள்தாம் அந்த 3 × 600, 900 × 2. கீழே இருப்பது ஒன்றாகிவிட்டதால் மேலே இருப்பதை மட்டும் ஒப்பிடுகிறோம். மந்திரம் எதுவும் இதில் இல்லை.

மூன்று எண் தெரிந்து நான்காவதைக் கண்டுபிடிக்கும் முறை இந்த நாட்டில் மிகப் பழையது. கி.பி. 499இல் எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தில் இது திரைராசிகம் என்ற பெயரில் இருக்கிறது. தெரிந்த அளவு பிரமாணம், அதற்குக் கிடைப்பது பலம், நமக்கு வேண்டிய அளவு இச்சை. பலத்தை இச்சையால் பெருக்கிப் பிரமாணத்தால் வகு என்பது விதி. நான்கு டம்ளர் அரிசி பிரமாணம், ஒரு டம்ளர் உளுந்து பலம், ஆறு டம்ளர் அரிசி இச்சை: 1 × 6 ÷ 4 = 1½.

ஆனால் எல்லா உறவும் விகித சமம் ஆகாது. ஆட்டோ மீட்டரில் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று இருப்பதால், இரண்டு கிலோமீட்டருக்கான தொகையை இரட்டித்தால் நான்கு கிலோமீட்டருக்கான தொகை வராது. வயதும் அப்படித்தான். அப்பாவுக்கு 30, பிள்ளைக்கு 3 என்றால் 10 : 1, ஆறு ஆண்டு கழித்து 36 : 9, அதாவது 4 : 1. இங்கே மாறாமல் இருப்பது வித்தியாசம், மாறுவது விகிதம். எது மாறாமல் நிற்கிறது என்று முதலில் கேட்டுவிட்டால், எந்தக் கணக்குப் போட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

## பகுதிக்குப் பகுதியா, முழுமைக்குப் பகுதியா?

கரோல் பாக், ஆர்.கே. புரம் பக்கம் வாங்கும் காபித்தூள் பாக்கெட்டில் காபி 80, சிக்கரி 20 என்று அச்சிட்டிருந்தால், அது நூறில் எத்தனை என்ற கணக்கு. முழுமையில் பகுதி. அதையே காபிக்கும் சிக்கரிக்கும் விகிதமாக எழுதினால் 4 : 1. இதைப் பார்த்துவிட்டு ‘நாலில் ஒரு பங்கு சிக்கரி’ என்று சொல்பவர்கள் நிறையப் பேர். சரியில்லை. நான்கு பங்கு காபியோடு ஒரு பங்கு சிக்கரி சேர்ந்தால் மொத்தம் ஐந்து பங்கு. சிக்கரி ஐந்தில் ஒன்று. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி காபி–சிக்கரிக் கலவையில் எடையில் 51 விழுக்காடாவது காபி இருக்க வேண்டும் என்பதும் முழுமையில் பகுதி என்ற கணக்குத்தான்.

இதே பிழை பாலின விகிதத்தில் பெரிய அளவில் நடக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் டெல்லியின் பாலின விகிதம் 868, தமிழ்நாட்டின் விகிதம் 996. இந்த எண் ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்பதைச் சொல்கிறது. ஆயிரம் பேரில் 868 பெண்கள் என்று இதைப் படிக்க முடியாது. டெல்லியில் 1868 பேரில் 868 பேர் பெண்கள், ஏறத்தாழ 46.5 விழுக்காடு. தமிழ்நாட்டில் 1996இல் 996. பாதிக்குச் சற்றே குறைவு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். விகிதங்களை அப்படியே சராசரி எடுக்கக்கூடாது. 80க்கு 20 தூள் அரைக் கிலோவையும், 60க்கு 40 தூள் கால் கிலோவையும் ஒரே டப்பாவில் கொட்டினால் காபி 70 விழுக்காடு ஆகாது. காபி 400 + 150 = 550 கிராம், மொத்தம் 750 கிராம்; 73.3 விழுக்காடு. அளவு கூடுதலாக உள்ள பக்கம் தன் பக்கம் இழுக்கும்.

## எதிர் மாறல்

ஒன்று கூடினால் மற்றதும் அதே மடங்கு கூடுவது நேர் மாறல். ஒன்று இரட்டிக்கும்போது மற்றது பாதியாவது எதிர் மாறல். நேர் மாறலில் வகுத்தால் வரும் எண் மாறிலி, அதாவது மாறாத எண். எதிர் மாறலில் பெருக்கினால் வரும் எண் மாறிலி.

டெல்லிக்கும் சென்னைக்கும் ரயில் பாதையில் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். 33 மணி நேரத்தில் கடக்கும் ரயிலின் சராசரி வேகம் மணிக்கு 66 கிலோமீட்டர். அதே தூரத்தை 22 மணி நேரத்தில் கடக்க வேண்டுமானால் வேகம் 99 ஆக வேண்டும். நேரம் மூன்றில் இரண்டாகச் சுருங்கினால் வேகம் ஒன்றரை மடங்காகிறது. வேகத்தையும் நேரத்தையும் பெருக்கினால் வரும் தூரம் மாறவில்லை.

தொகுதிக் கணக்கில் இது வேறு வேடத்தில் வரும். ஒரு தொகுதியில் மக்கள் கூடக் கூட, மக்களவையில் ஒவ்வொருவரின் பங்கும் அதே மடங்கு குறைகிறது.

## பங்கிடும்போது அடிப்படை எது?

மூன்று குடும்பங்கள் சேர்ந்து பொங்கல் கொண்டாடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகளுக்கு முன் அவற்றில் 3, 4, 5 பேர் இருந்தார்கள். 24 அதிரசங்களைத் தலைக்கணக்கில் பிரித்தார்கள். மொத்தப் பங்கு 12, ஒரு பங்குக்கு 2 அதிரசம். ஆக 6, 8, 10.

இன்று முதல் குடும்பத்தில் அதே 3 பேர். இரண்டாவதில் மருமகளும் பேரக் குழந்தைகளும் வந்து 7 பேர். மூன்றாவதில் அதே 5 பேர். சுட்டிருப்பது 60 அதிரசம். ‘விகிதாச்சாரப்படி பிரித்துக்கொள்ளலாம், யாருக்கும் குறையாது’ என்கிறார் ஒருவர். எப்படிப் பிரிப்பது?

1. பழைய பங்கின் விகிதப்படி, 3 : 4 : 5. கிடைப்பது 15, 20, 25.

2. இன்றைய தலைக்கணக்கின் விகிதப்படி, 3 : 7 : 5. கிடைப்பது 12, 28, 20.

இரண்டும் விகிதாச்சாரம்தான். இரண்டிலும் முதல் குடும்பத்துக்கு முன்பு கிடைத்த ஆறைவிடக் குறையவில்லை என்பதும் உண்மை. ஆனால் முதல் வழியில் அதன் பங்கு மொத்தத்தில் 25 விழுக்காடாகவே நிற்கிறது. இரண்டாவது வழியில் 20 விழுக்காடாக இறங்குகிறது. எண்ணிக்கை கூடிக்கொண்டே பங்கு குறைய முடியும். தட்டில் 12 அதிரசத்தைப் பார்ப்பவருக்கு இது கண்ணில் படாது. மொத்தம் 60 என்று தெரிந்தவருக்குத்தான் படும்.

## தொகுதி மறுவரையறைக்கு வருவோம்

இன்றைய தொகுதிப் பங்கீடு 1971 கணக்கெடுப்பின் மேல் நிற்கிறது. அப்போது தமிழ்நாட்டில் 4.12 கோடிப் பேர், 39 தொகுதிகள். தொகுதிக்கு ஏறத்தாழ 10.6 லட்சம் பேர். உத்தராகண்ட் பிரியாத உத்தரப் பிரதேசத்தில் 8.83 கோடிப் பேர், 85 தொகுதிகள், தொகுதிக்கு 10.4 லட்சம். 81ஆவது பிரிவு கேட்ட விகித சமம் அன்று ஏறக்குறைய அப்படியே இருந்தது.

1976இல் 42ஆவது அரசமைப்புத் திருத்தம் இந்தப் பங்கீட்டை 2000க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நிறுத்திவைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டைச் செம்மையாக நடத்திய மாநிலங்கள் அதனால் தொகுதிகளை இழக்கக்கூடாது என்பது காரணம். 2001இல் நிறைவேறிய 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. தொகுதி எண்ணிக்கை நின்றது, மக்கள்தொகை நிற்கவில்லை. 2011இல் ஒரு தொகுதிக்கு எத்தனை பேர் என்று பார்த்தால்:

1. கேரளம்: 3.34 கோடி, 20 தொகுதிகள், தொகுதிக்கு 16.7 லட்சம்.

2. தமிழ்நாடு: 7.21 கோடி, 39 தொகுதிகள், 18.5 லட்சம்.

3. கர்நாடகம்: 6.11 கோடி, 28 தொகுதிகள், 21.8 லட்சம்.

4. டெல்லி: 1.68 கோடி, 7 தொகுதிகள், 24 லட்சம்.

5. உத்தரப் பிரதேசம்: 19.98 கோடி, 80 தொகுதிகள், 25 லட்சம்.

இந்தப் பட்டியலில் டெல்லியைத் தனியாகப் பார்க்க வேண்டும். 1971இல் இங்கே இருந்தவர்கள் 40.7 லட்சம் பேர்தான். தொகுதி அன்றும் 7. அதாவது தொகுதிக்கு 5.8 லட்சம். அன்று மக்களவையில் ஒரு டெல்லிவாசியின் எடை, அதாவது பங்கு, தமிழ்நாட்டில் இருந்தவரைப்போல் 1.8 மடங்கு. நாற்பது ஆண்டுகளில் டெல்லி நான்கு மடங்குக்கு மேல் பெருகியது. தமிழ்நாடு ஒன்றே முக்கால் மடங்கு. எதிர் மாறல் தன் வேலையைக் காட்டியது. 2011 கணக்கில் தமிழ்நாட்டில் இருக்கும் தம்பியின் எடை, மயூர் விஹாரில் இருக்கும் அண்ணனின் எடையைப்போல் 1.3 மடங்கு. அந்த அண்ணன் வேலைக்காக இங்கே வந்து கணக்கெடுக்கப்பட்டதும் இந்த மாற்றத்தில் ஒரு துளி: ஊர்க் கணக்கில் ஒருவர் குறைந்தார், டெல்லிக் கணக்கில் ஒருவர் கூடினார்.

## இரண்டு விகிதாச்சாரங்கள்

மக்களவையின் மொத்தத் தொகுதிகள் இப்போது 543. புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் மக்களவையில் 888 இருக்கைகளுக்கு இடம் இருப்பதால் எண்ணிக்கை உயரும் என்ற பேச்சு வந்தது. கணக்குக்காக மட்டும், மொத்தம் ஒன்றரை மடங்காகி ஏறத்தாழ 814 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிரசக் கணக்கு அப்படியே திரும்பி வருகிறது.

முதல் வழி, இன்றைய தொகுதி எண்ணிக்கையின் விகிதப்படி. எல்லாவற்றையும் ஒன்றரையால் பெருக்கினால் தமிழ்நாடு 58.5, உத்தரப் பிரதேசம் 120. தமிழ்நாட்டின் பங்கு முன்பு போலவே 7.2 விழுக்காடு.

இரண்டாவது வழி, 2011 மக்கள்தொகையின் விகிதப்படி. 121 கோடியில் 7.21 கோடி என்பது 5.96 விழுக்காடு. 814இல் அது ஏறத்தாழ 48. உத்தரப் பிரதேசத்துக்கு ஏறத்தாழ 134. மொத்தத்தை உயர்த்தாமல் 543ஐயே இப்படிப் பிரித்தால் தமிழ்நாட்டுக்கு 32தான் வரும்.

‘ஒரு தொகுதிகூடக் குறையாது’ என்ற உறுதியை இந்த எண்களோடு வைத்துப் பாருங்கள். மக்களவை பெரிதானால், 39 என்பது 58 ஆனாலும் 48 ஆனாலும் அந்த உறுதி காப்பாற்றப்படுகிறது. அவையில் தன் பங்கு குறையுமா என்று தமிழ்நாடு கேட்ட கேள்வி பங்கைப் பற்றியது. கிடைத்த பதில் எண்ணிக்கையைப் பற்றியது. எந்தப் பக்கம் நிற்பவராக இருந்தாலும், ‘எதன் விகிதப்படி’ என்று சொல்லாத உறுதியை ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்பதே என் கருத்து.

எதிர்த்தரப்பு வாதங்களிலும் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். முதல் வழியில்கூட உத்தரப் பிரதேசத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள இடைவெளி 41இலிருந்து 61.5 ஆகிவிடுகிறதே என்று சொல்லப்படுகிறது. எண் சரி. ஆனால் இது இட்லி மாவில் இரண்டைக் கூட்டிய பிள்ளையின் பார்வை. அவையில் பெரும்பான்மைக்கு வேண்டியதும் 272இலிருந்து 408 ஆக உயர்கிறது. மசோதா நிறைவேறுவது பாதிக்கு மேல், அரசமைப்புத் திருத்தம் நிறைவேறுவது மூன்றில் இரண்டு என்று, அவையின் விதிகள் பின்னங்களால் ஆனவை. எல்லாம் ஒன்றரை மடங்கானால் யாருடைய பலமும் மாறாது. பலம் உண்மையிலேயே குறைவது இரண்டாவது வழியில்தான்.

அந்தக் குறைவை அளப்பதிலும் இரண்டு எண்கள் உலவும். 7.18 விழுக்காடு 5.96 ஆவதை ‘1.2 விழுக்காட்டுப் புள்ளி குறைவு’ என்று ஒருவர் சொல்லலாம், கழித்தல் கணக்கு. ‘இருந்த பலத்தில் 17 விழுக்காடு போய்விட்டது’ என்று இன்னொருவர் சொல்லலாம், 1.22ஐ 7.18ஆல் வகுத்த கணக்கு. இரண்டும் ஒரே நிகழ்வு.

கணக்கு இங்கே நம்மை இரண்டு நியாயங்களுக்கு முன்னால் நிறுத்துகிறது. லக்னோவில் இருப்பவர், என் எடை ஏன் தமிழ்நாட்டில் இருப்பவரின் எடையைவிடக் குறைய வேண்டும் என்று கேட்டால், 81ஆவது பிரிவு அவர் பக்கம். அரசு சொன்னபடி குடும்பத்தைச் சிறிதாக்கிய மாநிலம், அதற்காக நான் ஏன் பங்கை இழக்க வேண்டும் என்று கேட்டால், 1976 திருத்தத்தின் காரணம் அதன் பக்கம். இரண்டையும் ஒரே விகிதத்தால் நிறைவு செய்ய முடியாது. எதை மாறிலியாக வைப்பது என்பதைத் தேர்ந்தாக வேண்டும். அந்தத் தேர்வு கணக்கின் வேலை இல்லை, மக்களின் வேலை.

## அரைத் தொகுதி

தேர்ந்த பிறகும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. உளுந்தை ஒன்றரை டம்ளர் அளந்து போடலாம், 58.5 உறுப்பினர்களை அனுப்ப முடியாது. 81ஆவது பிரிவு ‘நடைமுறையில் இயன்றவரை’ என்ற சொற்களைச் சேர்த்திருப்பது இதற்காகவும்தான். 60 லட்சத்தைத் தாண்டாத மாநிலங்களுக்கு இந்த விகித விதி பொருந்தாது என்ற விலக்கும் அதில் உண்டு. ஒன்றியப் பகுதிகளுக்கு இடம் ஒதுக்கும் வழி தனி. 2011இல் 64,473 பேர் வாழ்ந்த லட்சத்தீவுக்கும் மக்களவையில் ஒரு முழு உறுப்பினர் இருக்கிறார்.

முதல் வழியையே எடுத்துக்கொண்டாலும், ஒற்றைப்படையில் தொகுதி உள்ள எல்லா இடங்களிலும் அரை நிற்கும்: தமிழ்நாட்டின் 39, ராஜஸ்தானின் 25, ஒடிசாவின் 21, பஞ்சாபின் 13. டெல்லியின் 7, 10.5 ஆகும். எல்லா அரையையும் மேலே ஏற்றினால் கூட்டுத்தொகை மொத்தத்தைத் தாண்டிவிடும். எல்லாவற்றையும் கீழே இறக்கினால் சில இடங்கள் யாருக்கும் போகாமல் மிஞ்சும். தமிழ்நாட்டுக்கு 58ஆ 59ஆ, டெல்லிக்குப் பத்தா பதினொன்றா என்பதற்கு விகிதாச்சாரத்துக்கு வெளியே தனியாக ஒரு விதி எழுதப்பட வேண்டும்.